இடங்காணல் பிரிவு

“உங்க மனுவுல கசிவு எத்தனையாவது எழுத்துல வருதும்மா?”

குடியிருப்பு வாரியத்தின் மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என்னைக் கேட்டார். அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே வருகிறது என்று சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

“வீட்டுல எங்க வருதுன்னு யாரு கேட்டா? மனுவுல எங்க வருதுன்னு சொல்லுங்க.”

எனக்குப் பின்னால் நின்றவர்கள் தங்கள் மனுக்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணவில்லை. மனு என்றால் எழுதுவது, எண்ணுவது அல்ல என்று நினைத்திருந்தேன்.

வாரியத்தின் வீடுகள் எங்கள் பகுதியில் தெருத் தெருவாக இருக்கின்றன. எல்லாக் கூரைகளுக்குள்ளும் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தக்காரர் கட்டியதால் பெரும்பாலும் ஒரே மாதிரி கசியும். முன்பெல்லாம் யார் வீட்டுக்கு முதலில் ஆள் அனுப்புவது என்று ஒரு குமாஸ்தா முடிவு செய்வார். வேண்டியவர் வீடு இன்றைக்கு, வேண்டாதவர் வீடு அடுத்த மழைக்கு. இது அநியாயம் என்று ஜனங்கள் கத்தினார்கள். வாரியம் அந்தக் குமாஸ்தாவை மாற்றிவிட்டு, இடங்காணல் பிரிவைத் திறந்தது.

திறப்பு விழாவில் இடங்காணல் அலுவலர் பேசினார். புதுச் சட்டை, மடிப்புக் கலையாத குரல்.

“வலிக்கிறவன் முதலில் என்ன சொல்வான்? ‘ஐயோ’ என்பான். ‘வணக்கம், நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்குகிறவனுக்கு வலிக்கவில்லை என்று பொருள். ஆகவே இனி ஒவ்வொரு மனுவையும் இயந்திரத்திடம் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்போம். இந்த மனுவில் ‘கசிவு’ என்ற சொல் எத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது? எண் சிறியதானால் துன்பம் பெரியது. சிறிய எண்ணுக்கு முதலில் ஆள் போகும். மனிதக் கை வரிசையில் படாது. நானே கேட்டாலும் மாறாது. இந்த வாரியத்தில் இனி யாரும் யாருடைய மனுவையும் படிக்க வேண்டிய அவசியமே இல்லை!”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். முன்னறையில் என் தையல் மெஷின். உள்ளறையில் அம்மாவும் கட்டிலும். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அம்மா எழுந்திருப்பதில்லை. இரும்புக் கட்டில், துண்டுகளாகக் கொண்டுவந்து அறைக்குள்ளேயே வைத்துப் பூட்டியது, மூன்று பக்கமும் சுவரில் இடித்துக்கொண்டு நிற்கும். அதை நகர்த்த வேண்டுமானால் வீட்டை நகர்த்த வேண்டும். கட்டிலுக்கு மேலே கூரைப்பூச்சு தண்ணீர் குடித்துக் குடித்து உப்பி, கவிழ்த்த சட்டி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வாரியத்தின் உடைப்புக் குழு வந்து அந்த உப்பல் தானாக விழுவதற்குள் தட்டி இறக்கிவிட்டால் போதும். அம்மா நாள் முழுக்க அதையே பார்த்தபடி படுத்திருந்தாள்.

“நான் அதப் பாக்கறேன், அது என்னப் பாக்குது. யாரு முதல்ல கண்ண மூடறதுன்னு எங்களுக்குள்ள போட்டிடி.”

என் முதல் மனுவில் கசிவு இருநூற்று அறுபத்தொன்றாவது எழுத்தில் வந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஒழுங்காக எழுதியிருந்தேன்.

“இருநூத்தி அறுபத்தொண்ணா?” என்றார் ஜன்னல்காரர். “சாவகாசமா எழுதியிருக்கீங்க. அப்ப சாவகாசமா வருவாங்க.”

இரண்டாவது மனுவைக் ‘கசிவு’ என்றே தொடங்கினேன். அதற்குள் ஊர் முழுக்க விவரம் தெரிந்துவிட்டது. எல்லா மனுவும் கசிவு என்றே தொடங்கியது. எல்லோருக்கும் ஒன்று என்ற எண்ணே வந்தது. எங்கள் மாடிவீட்டு அக்கா இன்னும் ஒருபடி மேலே போய், தாளின் இரண்டு பக்கமும் கசிவு, கசிவு, கசிவு என்று பள்ளிக்கூடத் தண்டனை போல எழுதிக் கொண்டுபோனாள்.

“முதல் கசிவப் பாத்ததும் மெஷின் நின்னுடும்மா,” என்றார் ஜன்னல்காரர். “மிச்சமெல்லாம் உங்க ஆசைக்கு எழுதினது.”

அலுவலருக்கு மனம் புண்பட்டது. ஒரு மனுவில்கூட அவருக்கு வணக்கம் இல்லை. உடனே சுற்றறிக்கை வந்தது: எந்த மனுவும் அலுவலரின் முழுப் பெயர், பட்டங்கள், பதவி ஆகியவற்றோடுதான் தொடங்க வேண்டும், அதற்குப் பிறகு மனுதாரரின் முழுப் பெயர், தந்தை பெயர், அதற்குப் பிறகுதான் துன்பம். அலுவலருடைய பட்டங்களைத் தாண்டி வருவதற்கே தொண்ணூறு எழுத்துக்கு மேல் ஆனது. இதில் நீளமான பெயர் வைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பின்தெருவில் ஒருவர் அப்பா பெயர், தாத்தா பெயர், குலப் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டெழுத்துப் பெயர், ஆள் உடனே வந்தது. பின்தெருக்காரர் ஒரு மழைக்காலம் முழுக்கக் குடை பிடித்துச் சாப்பிட்டார். பிறகு பெயரைச் சுருக்கிக்கொள்ள வேறொரு அலுவலகத்துக்கு மனுப் போட்டார். அந்த மனுவை என்ன சொல்லை வைத்துத் தேடினார்களோ, இன்றுவரை பதில் இல்லை.

முனைவீட்டில் ஒரு கவிஞர். அவருக்கு வீட்டில் எந்தக் குறையும் இல்லை. அலுவலருக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்பியவர், அலுவலரின் பெயருக்கும் முன்னால் ‘மனக்கசிவு மீதூர’ என்று போட்டுவிட்டார். வாழ்த்தும் மனுக்களோடு சேர்ந்து ஏறியது. இயந்திரம் அந்தப் பெரிய சொல்லுக்குள் இருந்த சின்னச் சொல்லைக் கண்டுபிடித்தது. அந்த வாரமே உடைப்புக் குழு கவிஞர் வீட்டுக் கூரையை உடைத்தது. வாரியம் இலக்கியத்துக்குச் செய்த தொண்டு என்று அலுவலர் ஒரு கூட்டத்தில் குறிப்பிட்டார்.

நான் மனுவுக்கு மேல் மனு எழுதினேன். அம்மா மேலே பார்த்துக்கொண்டு சொல்வாள், நான் எழுத்தெண்ணிக் குறைப்பேன். ‘தயவுசெய்து’ போனது. ‘அம்மா’ போனது. ‘எழுந்திருக்க முடியாதவர்’ போனது. கடைசியில் மனுவில் அலுவலரும் எங்கள் பெயரும் கசிவும் மட்டுமே மிஞ்சின. அப்போதும் எங்களுக்கு முன்னால் ஊரே நின்றது.

ஒரு மத்தியானம் நான் முன்னறையில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தபோது உப்பல் விழுந்தது. அம்மா கத்தவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முகமெல்லாம் சுண்ணாம்பாக, ஒரு கண்ணை மட்டும் திறந்து, “தோத்துட்டேன்டி,” என்றாள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது.

கட்டுப் போட்டுக் கூட்டிவந்து படுக்கவைத்த பிறகு நான் அலுவலரைப் பார்க்கப் போனேன். எனக்கு அதிகாரிகள் முன்னால் பேச வராது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே போனதும் இரண்டே சொல்தான் வந்தது.

“விழுந்துடுச்சுங்க ஐயா.”

“முழுசாவா?”

“முழுசா.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப கசிவு முடிஞ்சுபோச்சே! பூச்சே இல்லாதப்ப பூச்சுல கசிவு எங்கேருந்து வரும்? உங்க மனுவத் தீர்வு கண்டதா முடிச்சிடலாம்.” என் மனுவைத் தேடி எடுத்து, அதில் ‘தீர்ந்தது’ என்று முத்திரை குத்தினார். “உங்க அம்மா குடுத்து வெச்சவங்க. மத்தவங்கெல்லாம் இன்னும் காத்துக்கிட்டிருக்காங்க பாருங்க.”

“அம்மாவோட எலும்பு…”

“எலும்புக்கு நாங்க தேடறதில்லம்மா. சொட்டுறது நிக்கணும், திரும்பப் பூசணும்னா அது பூச்சுப் பிரிவு. அங்க ‘விரிசல்’னு தேடுவாங்க. முதல்லேருந்து ஆரம்பிங்க.”

நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவர் அறைக்கு வெளியே, இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து மனுக்களை ஏற்றுகிறவளைக் கம்ப்யூட்டர் அக்கா என்பார்கள். அவள் என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

“உனக்கு வரிசையில யாரு முன்னாடி இருந்தாங்கன்னு தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டாள். “உங்க எதிர்வீட்டு டிரைவர்.”

“அவர் வீட்டுல ஒண்ணும் கசியலியேக்கா. மாடிப்படிக்கு விளக்கு போட்டதுக்கு நன்றின்னு ஒரு கடிதாசிதான போட்டாரு?”

“அதான். புகாரும் பாராட்டும் ரெண்டு கண்ணு, ரெண்டையும் ஒரே வரிசையில ஏத்துன்னு ஐயா சொல்லிட்டாரு. நன்றிக் கடிதாசியில கசிவு எங்க இருக்கும்? தேடின சொல் இல்லன்னா மெஷின் பூஜ்யம்னு சொல்லும். சின்ன எண்ணுக்கு முதல்ல ஆளு. பூஜ்யம் ஒண்ண விடச் சின்னது.”

“இத அவர்கிட்ட சொல்லலியா?”

“சொன்னேன். ‘கசிவுங்கற சொல்லே இல்லாம எழுதறவன்தான் பண்பட்ட குடிமகன், அவனுக்கு முன்னுரிமை குடுக்கறதுல என்ன தப்பு’ன்னு கேட்டாரு.”

எதிர்வீட்டு டிரைவர் அண்ணனிடம் அன்று சாயங்காலமே விசாரித்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “அத ஏன் கேக்கற. வந்தாங்க, நல்ல கூரைய உடைச்சாங்க. கசிவு இல்லையேப்பான்னேன். கண்டுபிடிக்காம போனா வேலை பாத்ததா ஏறாதுன்னு மேஸ்திரி சொல்றாரு. குழாய்ல கடப்பாரை படற வரைக்கும் உடைச்சாங்க. தண்ணி பீச்சி அடிச்சதும் ‘கசிவு கண்டோம்’னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க.”

“அப்புறம்?”

“மறுநாள் காலையிலயும் வந்தாங்க. புகார்னா தீரும், நன்றி எப்படித் தீரும்? அது அப்படியே வரிசையில முதல்ல நிக்குது. ஒரு வீட்டுக்கு ஒரு மனுதான் உயிரோட இருக்கலாமாம், அதனால நான் புகாரும் குடுக்க முடியல. எழுதினவரே வந்து ரத்து பண்ணணுமாம். கடைசியில நானே போய் என் நன்றியத் திருப்பி வாங்கிட்டு வந்தேன்.”

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். நம் வீட்டுக்கும் ஒரு நன்றிக் கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். அம்மா கட்டுப் போட்ட தோளோடு மேலே பார்த்தாள். கம்பியும் செங்கலும் தெரிந்தன. துருப்பிடித்த குழாயிலிருந்து தண்ணீர் அவள் கால்மாட்டில் வைத்த வாளிக்குள் விழுந்தது.

“வர்றது உடைக்கறவனுங்கதான? இங்க உடைக்க என்னடி மிச்சம் இருக்கு?” வாளியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். “அந்த அலுவலர் வீடும் வாரிய வீடுதான?”

“ஆமா.”

“நீ அவங்க வீட்டுக்குத் திரைச்சீலை அளவெடுக்கப் போனியே. கூரை எப்படி?”

“நல்லா இருக்கும்மா. நடுவுல பூ வேலைப்பாடு.”

“அப்ப அத எழுதேன். நல்லா இருக்கறத நல்லா இருக்குன்னு எழுதறதுக்கு உனக்கென்ன வலிக்குது?”

எனக்கு வலிக்கவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியதில்லை. அலுவலரின் பெயரும் பட்டங்களும் ஒன்று விடாமல் போட்டேன். ‘தையல் வேலையாகத் தங்கள் இல்லத்துக்கு வந்தபோது கூரையைக் கண்டேன். ஒரு கறை இல்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. இப்படி ஒரு கூரையை வாரியத்தின் எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. வாரியத்துக்கு என் நன்றி’ என்று எழுதி, கீழே அதிகாரிகள் குடியிருப்பில் அவருடைய வீட்டு எண்ணைப் போட்டேன்.

அதை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். அவர் முழுதாகப் படித்த முதல் மனு அதுதான் என்று நினைக்கிறேன்.

“பரவாயில்லையே! அம்மாவுக்கு அடிபட்ட நேரத்துலயும் நல்லத நல்லதுன்னு சொல்ற மனசு! இத உடனே ஏத்தணும்.” கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரே கம்ப்யூட்டர் அக்காவிடம் போனார். நானும் பின்னால் போனேன். “இந்தாம்மா, இத ஏத்து. வாரியத் தலைவர் கண்ணுல படற மாதிரி ஏத்து.”

அக்கா கடிதத்தைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

“ஒரு வரி சேத்துக்கலாமோ?” என்றார் அலுவலர் திடீரென்று. “‘கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை’ன்னு. எடுப்பா இருக்கும்.”

அந்த ஒரு சொல் ஏறினால் என் கடிதம் வரிசையில் எங்கோ போய் நிற்கும். அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்: “பாராட்டுல போய் அந்தச் சொல் எதுக்குங்க ஐயா? கல்யாணப் பத்திரிகையில சாவுன்னு அச்சடிச்ச மாதிரி இருக்கும்.”

அலுவலர் தலையை ஆட்டினார். “அதுவும் சரிதான். சுத்தமா இருக்கட்டும்.”

சுத்தமாகவே ஏறியது.

மறுநாள் காலையில் நான் திரைச்சீலைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் அதிகாரிகள் குடியிருப்புக்குப் போனேன். சாக்கு என்று ஏன் சொல்ல வேண்டும்? உடைவதைப் பார்க்கத்தான் போனேன். அலுவலரின் மனைவி கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். மேஸ்திரியும் ஆட்களும் ஏணி போட்டு ஏறி, நடுவிலிருந்த பூவில் கடப்பாரையை வைத்துவிட்டார்கள். அலுவலர் சவரம் பாதியில் நிற்க, சோப்பு நுரையோடு ஓடிவந்தார்.

“யோவ் மேஸ்திரி! யாரு வீடுன்னு தெரியுதா?”

“தெரியுதுங்க ஐயா. வரிசையில முதல் வீடு.”

“இங்க கசிவே கிடையாதுய்யா!”

“கசிவு இல்லாத வீட்டுக்குத்தானுங்க நாங்க எப்பவும் முதல்ல போறோம்.” மேஸ்திரி மரியாதையாகத்தான் சொன்னார். “கவலப்படாதீங்க. இருக்கும். தேடினா கிடைக்கும்.”

“எறங்குங்கடா கீழ! நான் சொல்றேன்!”

“நீங்களே கேட்டாலும் வரிசை மாறாதுன்னு எங்களுக்கு வகுப்பு எடுத்தது நீங்கதானுங்க. நாங்க எறங்கினா மனுஷக் கை பட்டதாயிடுமே.”

பூ இரண்டு துண்டாக விழுந்தது. அதற்குப் பிறகு அவர்கள் வெகுநேரம் தேட வேண்டியிருந்தது. அதிகாரிகள் வீட்டுக்குக் குழாயைக் கொஞ்சம் ஆழமாகப் பதித்திருந்தார்கள். கிடைத்தபோது தண்ணீர் நேராக அலுவலரின் மனைவி கையிலிருந்த என் திரைச்சீலையில் விழுந்தது. நல்ல துணி. அதற்காக மட்டும் வருத்தப்பட்டேன். மேஸ்திரி கையெழுத்து வாங்கிக்கொண்டு, “நாளைக்குப் பாக்கலாங்கம்மா,” என்று விடைபெற்றார்.

நாளைக்கும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். கூடம் முடிந்து படுக்கையறைக்குப் போனார்கள், பிறகு சமையலறைக்கு. அலுவலர் ஒரு புகார் எழுதிக்கொண்டுபோய் மூன்றாம் ஜன்னலில் நீட்டினாராம். அந்த வீட்டின் பேரில் ஏற்கெனவே ஒரு மனு உயிரோடிருக்கிறது என்று ஜன்னல்காரர் திருப்பிவிட்டாராம். தலைவரிடம் போய் முறையைக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாமா என்று கேட்டாராம். தலைவருக்கு ஆச்சரியம். “உங்க வீட்டுக் கூரையப் பத்தி அவ்வளவு அருமையா ஒரு கடிதம் வந்திருக்கே. அத எல்லாக் கிளைக்கும் அனுப்பச் சொல்லியிருக்கேன்,” என்றாராம். இதையெல்லாம் கம்ப்யூட்டர் அக்கா சொல்லச் சொல்ல, அம்மா மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாள். தோள் வலிக்கு மருந்தைவிட இது கேட்கிறது என்றாள்.

ஒருநாள் மாலை அலுவலர் எங்கள் வீட்டுக்கே வந்தார். சட்டைத் தோளில் சுண்ணாம்பு. முன்னறையில் உட்கார ஒரே நாற்காலி, அதில் தைக்க வந்த துணி. அதனால் அவர் உள்ளறை வாசலில் நின்றார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“ஒரே ஒரு கையெழுத்தும்மா. பாராட்டைத் திரும்பப் பெறுகிறேன், கூரையைத் தவறாகப் பார்த்துவிட்டேன்னு நானே எழுதிக் கொண்டுவந்திருக்கேன். நீங்க போட்டாத்தான் ரத்தாகும்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சும்மா வேணாம்,” என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. “நாளைக்கே ஆள் அனுப்பறேன். குழாய மாத்தி, பூசி, வெள்ளையடிச்சுத் தரச் சொல்றேன்.”

“பூச்சுப் பிரிவு வேறயாச்சேங்க?” என்றாள் அம்மா.

“அதெல்லாம் சொல்லிக்கலாம்.”

“வரிசை?”

“வரிசைய நான் பாத்துக்கறேம்மா. ஒரு போன்ல முடிஞ்சிடும்.”

அம்மா மெல்லத் தலையைத் திருப்பினாள். “ஒரு போன்ல முடியுமா?” என்றாள். “என் தோள் உடையறதுக்கு முன்னாடியும் அந்த போன் இருந்துச்சுங்களா?”

வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் தாளையும் பேனாவையும் என் பக்கம் நீட்டினார். எனக்கு அந்தக் கூரை வேண்டும். இரவெல்லாம் வாளி மாற்றாமல் தூங்க வேண்டும். அம்மா மேல் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்காமல் ஒரு மழைக்காலம் போக வேண்டும். இதெல்லாம் அந்தத் தாளில் ஒரு கையெழுத்துக்குள் இருந்தது. நான் தாளை வாங்கிப் படித்தேன். மேலே அவருடைய பெயர், பட்டங்கள், பதவி எல்லாம் ஒழுங்காக இருந்தன. அம்மாவைப் பற்றி எதுவும் இல்லை.

“நான் தப்பாப் பாக்கலீங்க ஐயா,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. “அன்னிக்கு உங்க கூரை அப்படித்தான் இருந்துச்சு. பொய்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?”

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

“வேணும்னா,” என்றாள் அம்மா, “இப்ப எப்படி இருக்குன்னு இன்னொரு கடிதாசி எழுதச் சொல்லட்டுமா? இவ நல்லா எழுதுவா.”

நான் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தேன். பேனாவை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பி முன்னறையைக் கடந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.